இரண்டு சுண்டு அரிசி ஒரு சுண்டாகும்போது: ‘வெற்றுக் கூடு’ என்றால் என்ன?

மகள் மெல்பேர்ணுக்குப் போய் மூன்றாம் நாள். காலையில் எழும்பி, தேத்தண்ணி குடித்துவிட்டு, வழக்கம்போல இரண்டு சுண்டு அரிசி அளந்து கழுவி அடுப்பில் ஏற்றினேன். நாலு பேர் இருந்த காலத்து அளவு அது. மகன் ரொறன்ரோவுக்குப் போன பிறகும் நான் அதைக் குறைக்கவில்லை. மிஞ்சினால் இரவுக்கு ஆகும் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோறு வெந்து பானை நிறைய நின்றபோது கணவர் குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஆரும் வருகினமோ?” என்று கேட்டார்.

ஒருவரும் வரவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணீர் விடாமல் கையசைத்துவிட்டு வந்தவள் நான். அந்தக் கேள்வியில் அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோனார். எனக்கும் பயம்தான். பிள்ளை நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறாள், ஆசைப்பட்ட படிப்பு, போய்ச் சேர்ந்து படமும் அனுப்பிவிட்டாள். பிறகு எதற்கு இந்த அழுகை?

அந்தக் கேள்விக்கு விடை தேடி வாசித்ததையும், கொழும்பு வெள்ளவத்தையில் என்னைப் போன்ற அம்மாக்களிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். இதை முதன்முதலாக அனுபவிக்கிற ஒரு தாய்க்கு விளங்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

பெயரும் பொருளும்

பிள்ளைகள் வளர்ந்து படிப்புக்கோ வேலைக்கோ கல்யாணமாகியோ வீட்டை விட்டுப் போனபின், வீட்டில் மிஞ்சும் பெற்றோருக்கு வருகிற துயரத்தையும் தடுமாற்றத்தையும் ஆங்கிலத்தில் ‘எம்ப்டி நெஸ்ட்’ என்கிறார்கள். தமிழில் வெற்றுக் கூடு, வெறுங்கூடு என்று எழுதுகிறார்கள். அதன் பின்னால் ‘சின்ட்ரோம்’ என்ற சொல்லையும் ஒட்டிவிடுவதால், கேட்பவர்களுக்கு ஏதோ வியாதி வந்துவிட்டதுபோல இருக்கிறது. இது வியாதி இல்லை. மனநல மருத்துவர்கள் நோய்களைப் பெயரிடப் பயன்படுத்தும் இரண்டு பெரிய பட்டியல்கள் உண்டு: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்., உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. இரண்டிலும் ‘வெற்றுக் கூடு’ ஒரு நோயாக இல்லை. ஒரு வாழ்க்கைக் கட்டத்துக்கு வைத்த பெயர் இது. அந்தக் கட்டத்தில் மனச்சோர்வு என்கிற உண்மையான நோயும் சிலருக்கு வரலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூடு என்ற உவமையே எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை. பெரும்பாலான பறவைகளுக்குக் கூடு என்பது வசிக்கும் வீடு கிடையாது. முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க மட்டும் கட்டுவது. குஞ்சு பறந்ததும் தாயும் பறந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் மாமரத்துக் காகமும் அப்படித்தான். மனிதத் தாய்க்குத்தான் கூடு வெறுமையான பிறகும் அதே கூட்டிலேயே சமைத்து, கூட்டி, துடைத்து, படுத்து எழும்ப வேண்டியிருக்கிறது. கட்டில் அங்கேயே கிடக்கிறது. கதவுக்குப் பின்னால் கொளுவியில் ஒரு பழைய சட்டை தொங்குகிறது. ஏ.எல். (உயர்தர) பரீட்சையின் பழைய வினாப் பேப்பர்கள் மேசைக்குக் கீழே கட்டுக்கட்டாக இருக்கின்றன.

நம்முடைய பழைய பாடல்களில் இதற்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது. மகளை அனுப்பிவிட்டு வீட்டில் நிற்கும் தாயின் புலம்பலைச் சங்கப் புலவர்கள் பிரிவைப் பாடும் பாலைத் திணையில் வைத்துப் பாடினார்கள். ஐங்குறுநூற்றில் அதற்கென்றே பத்துப் பாட்டுகள் சேர்ந்த ஒரு பகுதி உண்டு. நற்றிணைத் தாய் ஒருத்தி, தன் ஒரே மகள் போன பிறகு, அவள் விளையாடிய நொச்சியையும் திண்ணையையும் கண்டு உள்ளம் வேகிறாள். அந்தத் தாய் கண்டது ஒரு மரத்தையும் ஒரு திண்ணையையும்தான். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நொச்சியும் இல்லை, திண்ணையும் இல்லை. மேசைக்குக் கீழே அந்தப் பேப்பர் கட்டு இருக்கிறது. இந்த வலி நேற்று வெளிநாட்டு மோகத்தோடு வந்த புது வலி இல்லை என்று எனக்கு விளங்கியது அந்தப் பாட்டை வாசித்தபோதுதான்.

எது போகிறது?

பிள்ளை போனதால் பிள்ளையைத் தேடுகிறோம், இதில் விளக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மூன்றாம் நாள் என்னை அழவைத்தது மகளின் முகம் இல்லை. அரிசியின் அளவு. அதை யோசிக்க யோசிக்க, எனக்குள் இருந்து போனது பிள்ளை மட்டுமில்லை, என்னுடைய நேரமும்தான் என்று பட்டது.

ஒரு பள்ளிக்கூட நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு எழும்ப வேண்டும். ஐந்தரைக்குள் நீத்துப்பெட்டியில் புட்டு அவிந்திருக்க வேண்டும். ஆறரைக்கு வான்காரர் ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடிப்பார். ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி ஒன்றரைக்கு விடும். அதற்குள் சந்தைக்குப் போய் மீனோ மரக்கறியோ வாங்கி, சமைத்து, உடுப்புத் தோய்த்துக் காயப்போட வேண்டும். இரண்டரைக்குச் சாப்பாடு. மூன்றரைக்கு ரியூஷன். இரவு எட்டு மணிக்குப் பிள்ளை 100 ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கும்வரை காலி வீதி ஓரத்தில் போய் நிற்பேன். சனி, ஞாயிறு என்றால் இரண்டு வகுப்பு கூடும். இருபது வருஷமாக என்னுடைய நாளில் நானாக வைத்த மணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் இன்னொருவருடைய மணிகள். அந்த மணிகளை எடுத்துவிட்டால் நாள் முழுக்க ஒரே நீளமாகக் கிடக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு முதல் மாதம் வருகிற தடுமாற்றமும் இதுதான். அவர்களுக்கு ஒரு பிரியாவிடையாவது வைத்து, பூமாலை போட்டு அனுப்புகிறார்கள். பென்சனும் வருகிறது. தாய்க்கு அந்த வேலை முடிந்தது என்று யாரும் வந்து சொல்வதுகூட இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், துயரத்தின் இந்தப் பாதிக்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட முடியாது. நேரத்தைத் திருப்பிக் கட்டலாம்.

மற்றப் பாதி வேறு மாதிரி. போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்பவியல் ஆய்வாளர் 1970களில் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பொருள்படும் ஒரு கருத்தை முன்வைத்தார். வியட்நாம் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களோடு பழகியபோது அவருக்குப் பிடிபட்டது அது. ஆள் உடலால் இல்லை, ஆனால் மனத்திலும் வீட்டுப் பேச்சிலும் முழுதாக இருக்கிறார். இறந்தவருக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று சடங்கு உண்டு. ஊர் கூடி அழும். ஒரு முடிவு வரும். இப்படியான இழப்புக்கு முடிவு இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கிலும் கிழக்கிலும் வீதியில் இருக்கிற தாய்மாரை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய துயரத்தோடு என்னுடையதை ஒரே தராசில் வைக்க மாட்டேன்; வைக்கவும் கூடாது. ஆனால் ‘இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை’ என்ற அந்த நிலையின் மிக இலேசான, யாரும் இழப்பு என்றே சொல்லாத ஒரு வடிவம் எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. அதனால்தான் “நல்ல விஷயம்தானே, ஏன் அழுகிறீர்கள்?” என்று ஆறுதல் சொல்பவர்கள் முன்னால் நாம் வாயடைத்துப் போகிறோம். நல்ல விஷயம்தான். அழுகையும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

உடம்பும் இதே நேரத்தில் மாறுகிறது

இதை எங்கள் பெண்கள் வெளியே கதைப்பதில்லை, அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடும். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதும் அநேகமாக அதே வயதில்தான். திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, இரவு இரண்டு மணிக்கு நித்திரை கலைவது, சின்ன விஷயத்துக்குக் கோபமோ அழுகையோ வருவது, மறதி, மூட்டு நோவு எல்லாம் ஹோர்மோன் மாற்றத்தால் வரக்கூடியவை. இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போகிறது. நான் இரண்டு மாதம் இரவில் முழித்துக் கிடந்து, “பிள்ளையை நினைத்துத்தான் நித்திரை இல்லை” என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதிக் காரணம் உடம்பு. அது தெரிந்த அன்றே பாதிப் பாரம் இறங்கியது.

இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் ‘சுகவனிதையர் கிளினிக்’ என்று ஒன்று 1996 முதல் நடக்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கானது, இலவசம். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை எல்லாம் அங்கே பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட அந்தப் பணிமனை வாசலில் வரிசையில் நின்ற நாங்கள், எங்களுக்காக அதே வாசலை மிதிப்பதில்லை. இனியாவது போவோம். நித்திரையின்மையையும் வியர்வையையும் அங்கே வாய்விட்டுச் சொல்லலாம்.

கொழும்புத் தமிழ் வீட்டுக்கு உள்ள தனிச் சிக்கல்

வெளிநாட்டுக் கட்டுரைகளில் கிடைக்காத பகுதி இது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இருக்கிற எத்தனையோ குடும்பங்கள் கொழும்பைச் சொந்த ஊராக நினைத்து வந்தவை இல்லை. சண்டையால் வந்தோம், பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக நின்றோம். 1995 ஒக்ரோபர் 30 அன்று, சண்டைக்குப் பயந்து, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் நடந்தவள். அடுத்த வருஷம், அம்மாவைத் தென்மராட்சியில் விட்டுவிட்டு, வவுனியா தாண்டிக் கொழும்புக்கு வந்தேன். இங்கே கல்யாணம், இங்கே பிள்ளைகள். “ஊரில் காணி கிடக்கிறது, ஏன் இந்த வாடகை?” என்று யார் கேட்டாலும் ஒரே விடைதான்: “பிள்ளையளின்ரை படிப்பு முடியட்டும்.”

படிப்பு முடிந்துவிட்டது. பிள்ளைகளும் போய்விட்டார்கள். இனி இந்த ஆறாம் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் எதற்கு நிற்கிறோம்? பிள்ளைகள் போனதோடு கொழும்பில் நிற்பதற்கான காரணமும் போய்விடுகிறது என்பது கொழும்புத் தமிழ்த் தாய்க்கு வருகிற இரண்டாவது அடி. சொந்த ஊரிலேயே இருக்கிற தாய்க்கு அந்தக் கேள்வி வராது.

உடனே மூன்று பக்கமும் இழுபடுகிறோம். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பலாம். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய ஊரில் இறங்கலாம். ஆனால் அங்கே வீட்டைச் சுற்றி இருந்த சனம் பாதிக்கு மேல் இல்லை. பிள்ளைகளிடம் போகலாம். கனடாவில் பெற்றோருக்கும் பேரன் பேத்தி கண்டவர்களுக்கும் ‘சூப்பர் விசா’ என்று 2011 டிசம்பரில் தொடங்கினார்கள். 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருஷம்வரை நிற்கலாம். பிள்ளைப்பேறு பார்க்கப் போய், குளிருக்குள் ஒரு அறையில், பஸ் பாதை தெரியாமல், பகல் முழுக்கக் குழந்தையோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்த அக்காமார் எங்கள் மாடியிலேயே இருக்கிறார்கள். சந்தோஷமாக நின்றவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது, இங்கேயே நிற்பது.

எது சரி என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்வேன். பிள்ளை போன முதல் வருஷத்தில் ஃபிளாட்டை விற்காதீர்கள், ஊர்க் காணியிலும் கை வைக்காதீர்கள். அந்த வருஷத்தில் எடுக்கிற முடிவை எடுப்பது நாம் இல்லை, நம் தனிமை. எங்கள் மாடியில் ஒரு குடும்பம் மூன்றாம் மாதமே விற்றுவிட்டு ஊருக்குப் போனது. ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்து, அதே ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

அம்மாவின் நினைவும் அந்த மாதங்களில்தான் அடிக்கடி வந்தது. அவ எனக்கு எழுதுகிற கடிதங்கள் வந்து சேர வாரக்கணக்காகும். பிரித்தால் மாமரம் காய்த்ததும், ஆடு குட்டி போட்டதும், கிணற்றில் எத்தனை படி தண்ணீர் நிற்கிறது என்பதும்தான் இருக்கும். “என்னைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லையே” என்று அப்போது மனத்தாங்கல். பிள்ளைக்குப் பரிமாறுகிற சோற்றை அளந்த கை, அது இல்லாமல் போனதும் வேறு எதையோ அளந்துகொண்டிருந்திருக்கிறது.

இரண்டு பேர் மட்டும்

பிள்ளைகள் இருந்தபோது எங்கள் பேச்சு முழுக்கப் பிள்ளைகளைப் பற்றித்தான். ரியூஷன் காசு கட்டியாச்சோ, வான்காரருக்கு யார் சொல்வது, வயிற்றுவலிக்கு என்ன கொடுப்பது. அதை எடுத்துவிட்டால் சாப்பாட்டு மேசையில் மின்விசிறிச் சத்தம்தான். தகப்பன்மாருக்கும் இந்த வெறுமை உண்டு. என் கணவர் மகளின் சைக்கிளுக்கு வாராவாரம் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஓட ஆளில்லாத சைக்கிள். அவர் அழவில்லை என்பதால் அவருக்கு ஒன்றுமில்லை என்று நான் நினைத்திருந்தது பிழை.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரே பெண்களை நடுவயது முழுவதும் 18 வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008 இல் வெளியானது. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு அந்தப் பெண்களின் மணவாழ்க்கைத் திருப்தி கூடியிருந்தது. கணவனோடு செலவழித்த நேரம் கூடியதால் அப்படி ஆகவில்லையாம். அந்த நேரத்தை அவர்கள் கூடுதலாக இரசித்ததால் ஆகியிருக்கிறது. அமெரிக்கப் பெண்களின் கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மாலை ஐந்தரைக்கு மரின் டிரைவில் நடக்கத் தொடங்கினோம். கடற்கரை ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு தொடர்வோம். மூன்றாம் கிழமை அவர் தன்னுடைய முதல் வேலையைப் பற்றி ஒரு கதை சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் நான் கேட்டிராத கதை.

போனும் மணிக்கூடும்

வாட்ஸ்அப் இருக்கும்போது தூரம் என்ன தூரம் என்று சொல்கிறார்கள். உண்மைதான், அம்மாவுக்குக் கிடைக்காத பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அதே போன்தான் காயத்தை ஆற விடாமலும் வைத்திருக்கிறது. கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தாள், நீலச் சரி வந்துவிட்டதா, வந்தும் ஏன் பதில் இல்லை என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் பார்த்தேன். அது அன்பின் கணக்கு இல்லை, பதற்றத்தின் கணக்கு. பிள்ளைக்கும் அது சுமை. “அம்மா, வகுப்பில நிற்கிறன்” என்று மூன்று சொல் எழுத அவள் ஒளித்துப் போனை எடுத்திருப்பாள்.

எங்களுக்குக் கைகொடுத்தது நேரத்தைக் குறித்து வைத்ததுதான். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால். மெல்பேர்ண் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். எங்களுக்குச் சனிக்கிழமை காலை ஏழு மணி என்றால் மகனுக்கு வெள்ளி இரவு எட்டரை, மகளுக்குச் சனி மதியம் பன்னிரண்டரை. மூன்று பேரும் முழித்திருக்கிற, ஒருவரும் ஓடிக்கொண்டிருக்காத நேரம் அது. கோடையில் அங்கே மணியை மாற்றினால் நாங்களும் மாற்றுவோம். அந்த அழைப்பு ஒரு மணித்தியாலம் போகும். மற்ற நாட்களில் படம், குரல் பதிவு, கோயில் நாதஸ்வரம் என்று எதையாவது அனுப்பிவிட்டு, பதில் வந்ததா என்று பார்க்காமல் போனை மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவேன். முதல் பத்து நாளும் கை தானாக லாச்சிக்குப் போனது. பிறகு போகவில்லை.

நேரத்தைத் திருப்பிக் கட்டுவது

“ஏதாவது பொழுதுபோக்கைத் தேடுங்கள்” என்று எல்லாரும் சொல்வார்கள். அது என் விஷயத்தில் பலிக்கவில்லை. நாள் முழுக்க ஒரே அளவாக வலிப்பதில்லை என்பதை நான் கவனித்த பிறகுதான் வழி தெரிந்தது. காலை சமாளிக்கலாம். ஒன்றரை மணிக்குப் பள்ளி வான்கள் ஒழுங்கைக்குள் வரும்போது ஒருமுறை நெஞ்சைப் பிசையும். இரவு எட்டு மணிக்கு, முன்பு காலி வீதியில் நின்ற நேரத்தில், இன்னொரு முறை. ஆகவே பொதுவாக ஒரு பொழுதுபோக்கைத் தேடாமல், நோகிற அந்த இரண்டு மணிக்கு மட்டும் ஆள் போடுங்கள்.

ஒன்றரைக்கு நான் இப்போது வீட்டில் இருப்பதில்லை. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 இல் தொடங்கியது. 57 ஆம் ஒழுங்கையில், எங்களுக்கு நடந்து போகிற தூரம். அங்கே நல்ல நூலகம் இருக்கிறது. பிள்ளைகளின் கட்டுரைப் போட்டிக்காகப் பத்துத் தடவை வாசல்வரை போயிருக்கிறேன். எனக்காக ஒரு புத்தகம் எடுத்ததில்லை. எட்டு மணிக்குக் கீழ்மாடிப் பிள்ளை வருகிறான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான். தாய் வேலைக்குப் போய் ஏழரைக்குத்தான் வருவா. தமிழ் எழுத்துப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, இடைக்கிடை தாய் ஒரு சுண்டங்காய்க் குழம்பு அனுப்புவா.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950 இல் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். ஏழாவது, நடுவயது. அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுத்து வளர்க்க வேண்டும் என்ற உந்துதல் அந்தக் கட்டத்தின் உயிர்நாடி. அதற்கு வழி அடைபட்டால் தேக்கம் வரும் என்றார். பெற்ற பிள்ளையை வளர்ப்பது அதில் ஒரு வழிதான், ஒரே வழி இல்லை. பிள்ளை போனாலும் அந்த உந்துதல் தாயின் கையிலேயே மிஞ்சி நிற்கிறது. அதற்கு ஒரு ஆள் தேவை. கோயிலில் பூக்கட்டுவதும், மாடியில் தனியாக இருக்கிற கிழவிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் அதே கையின் வேலைதான்.

சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். இரண்டு பேருக்கு எதற்குச் சமையல் என்று பாணும் சம்பலும், பிளேன்டீயும் பிஸ்கட்டுமாக நாளைக் கடத்துகிற அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். சீனி வருத்தம் இருப்பவர்களுக்கு அது நேரடியாகக் கெடுதல். ஒரு சுண்டு அரிசி, ஒரு கீரை, ஒரு மீன் துண்டு போதும். ஆனால் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளையின் அறையை உடனே காலியாக்கவும் வேண்டாம், கோயிலாக்கிப் பூட்டவும் வேண்டாம். நான் அங்கே தையல் மெஷினைக் கொண்டுபோய் வைத்தேன். கட்டில் அப்படியே இருக்கிறது.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

அழுகை வந்து போகிறதென்றால், நடுவில் சிரிக்கவும் முடிகிறதென்றால், மாதம் போகப் போகக் குறைகிறதென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமைக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், முன்பு பிடித்த ஒன்றிலும் நாட்டமில்லாமல் போனால், சாப்பாடும் நித்திரையும் குலைந்தால், “நான் இருந்து என்ன” என்ற எண்ணம் வந்தால், அது வெற்றுக் கூடு என்ற பெயருக்குள் அடங்காது. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய். தைரொயிட் குறைபாடும் இதே மாதிரிச் சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்விப்பார்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எப்போதும் எடுக்கலாம். ‘சுமித்திரயோ’ 1974 முதல் கொழும்பில் இயங்குகிறது. மனப்பாரத்தைப் பொறுமையாகக் கேட்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. விசர் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எங்கள் பெண்கள் வாய் திறப்பதில்லை. வயிற்றுவலிக்கு வைத்தியரிடம் போகிறோம், இதற்கும் போகலாம்.

தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு

இதை மகனோ மகளோ வாசித்தால் ஒரு வார்த்தை. “சுகமா அம்மா?” என்று கேட்டால் “ஓம், சுகம்” என்றுதான் சொல்வோம். எந்த நிலையிலும் அதைத்தான் சொல்வோம். அதனால் சுகம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், எங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேளுங்கள்.

மகள் ஒருநாள் குசினியில் நின்றபடி வீடியோவில் கூப்பிட்டாள். “அம்மா, புட்டு மாவுக்குத் தண்ணி எவ்வளவு விடுறது?”

“கை சொல்லும், பிள்ளை” என்றேன்.

“என்ரை கைக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை கோப்பை எண்டு சொல்லுங்கோ.”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் புட்டு அவிக்கிறேன், ஒருநாளும் அளந்ததில்லை. அன்று பின்னேரம் அளவுக்கோப்பையை எடுத்து வைத்து, வறுத்த மாவை ஒரு கோப்பை போட்டு, கொதித்தாறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, எவ்வளவு போனது என்று பார்த்தேன். அதை எழுதக் கடதாசி தேடியபோது அவளுடைய ஏ.எல். இரசாயனவியல் கொப்பி கையில் பட்டது. கடைசி முப்பது பக்கமும் வெறுமையாக இருந்தன. புட்டு முதல் பக்கம். அடுத்தது பருப்பு, பிறகு கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. உப்புக்கு மட்டும் இன்னும் சரியான அளவு வரவில்லை. சொதிக்கு எத்தனையாம் பால் எப்போது விடுவது என்பதை இந்தச் சனிக்கிழமைக்குள் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஏழு மணிக்குக் கேட்பாள்.